விவரணமும் உறுதியும்: கொழும்புத் தோட்டங்களைப் படமெடுக்கக் கற்போருக்கு

தமிழ்நாட்டார் ‘ஆவணப்படம்’ என்று கூறுவதை ஈழத்துத் தமிழராகிய நாம் ‘விவரணப்படம்’ என்று கூறிப் பழகியிருக்கிறோம். ஒரு கலைக்கு இரு பெயர் வழங்குவதிற் குற்றமில்லை. ஆயினும் அவ்விரு பெயர்களும் ஒரே பொருளைத் தருவன அல்ல. விவரணம் என்பது பார்த்தவன் பாராதவனுக்குச் சொல்லும் செய்தி. ஆவணம் என்பதோ வழக்கு வந்தவிடத்து எடுத்து நீட்டப்படும் சாட்சி. நம் நாட்டு வழக்கிற் கூறினால் காணி உறுதியைப் போன்றது. கொழும்பின் தோட்டங்களிலும் முடுக்குகளிலும் வாழும் மக்களின் வீட்டுரிமைக்காகப் படமெடுக்க முன்வரும் இளைஞர்கள் முதலிலே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது. நாம் எடுக்கப்போவது விவரணமா, உறுதியா?

கருவி இல்லையென்ற குறை இன்று இல்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கமரா இருக்கிறது. ஒளியைக் கணிப்பதும், ஒலியைத் தெளிவாகப் பதிவதும், துண்டுகளை வெட்டி ஒட்டுவதும் சில மாதங்களிற் பயிலக்கூடிய வித்தைகளே. அவற்றைப் பயிலத்தான் வேண்டும். ஆனால் இக்கலையில் உண்மையிலேயே கடினமான பாடம் வேறொன்று. எடுத்த படம் யாருக்கு உரியது, அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதே அப்பாடம். அதனைக் கற்பிக்கக்கூடிய படங்கள் சிலவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் நாம் எந்த மக்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

கொழும்பிலே தோட்டம் என்பது பூந்தோட்டமன்று. 1875ஆம் ஆண்டில் அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின் துறைமுகம் பெருகியது. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் பெருவளவுகள் அமைத்து வாழ்ந்த செல்வர்கள் கறுவாத்தோட்டத்தை நோக்கிப் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற நிலங்களில் ஒற்றையறை வரிசைகள் எழுந்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், பண்டசாலைகளிற் கூலிவேலை செய்தோரும், நகரைத் துப்புரவு செய்தோரும் அவ்வறைகளிற் குடியேறினர். ஒரு பொதுக்குழாய், ஒரு மலசலகூட வரிசை, சுவரோடு சுவராக ஐம்பது குடும்பங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் எனப் பல இனத்தார். நகரின் பொருளாதாரம் இவர்களின் தோளில் நின்றது. நகரின் படங்களிலோ இவர்களுக்கு இடமில்லை.

நகரின் தென்பால் வெள்ளவத்தைக்கும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. இன்று அப்பகுதியை நடுத்தர வர்க்கத் தமிழரின் தொடர்மாடிகளுக்காகவே பலர் அறிவர். ஆனால் அங்கே ஒரு பெரிய நூற்பு நெசவாலை இருந்தது. 1933ஆம் ஆண்டில் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வாவும் அவரது தோழர்களும் அவர்களுக்குத் துணைநின்றனர். ஈழத்து இடதுசாரி இயக்கத்தின் பிறப்போடு சேர்த்து எண்ணப்படும் போராட்டம் அது. இன்று அவ்வாலை இல்லை. அந்நிலத்தில் ‘ஹவ்லொக் சிற்றி’ என்னும் வசதிமிக்க உயர்மாடித் தொகுதி நிமிர்ந்து நிற்கிறது. ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து திரும்பிய அறையை, அவன் மனைவி தண்ணீருக்குக் காத்துநின்ற வரிசையை, அவர்களின் வாய்மொழியிலேயே காட்டும் படமொன்றை நம்மில் எத்தனைபேர் பார்த்திருக்கிறோம்? கட்டடம் இடிந்தால் கல்லாவது மிஞ்சும்; பதிவுபெறாத வாழ்க்கை இடிந்தால் எதுவுமே மிஞ்சுவதில்லை.

இத்தோட்டங்களில் வாழ்வோர் சட்டத்தின் கண்ணுக்கு முற்றிலும் புலப்படாதோர் அல்லர். 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வீட்டுடைமையாளரின் மிகைவீடுகளை அரசின் கைக்கு மாற்றியது. 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் காலத்தில், குடியிருப்போர் தாமே கூடி, குழாய் எங்கே வரவேண்டும், வழி எவ்வளவு அகலமிருக்க வேண்டும் எனத் திட்டமிடும் முறை ஓரளவுக்கேனும் நடைமுறைக்கு வந்தது. வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக 1987ஐ ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதற்கு அடியெடுத்துக் கொடுத்தது இலங்கையே. மக்கள் கையில் அட்டைகளும் அனுமதிப் பத்திரங்களும் வந்தன. ஆனால் முழு உறுதி பெற்றோர் சிலரே.

பின்னர் காற்று மாறியது. 2001ஆம் ஆண்டில் மாநகரசபையும் ‘செவனத்த’ நிறுவனமும் எடுத்த கணக்கு, கொழும்பு நகரில் 1,614 குறைந்த வருமானக் குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் வாழ்ந்ததாகக் கூறியது. அதே ஆண்டில் வனாத்தமுல்லையில் 671 வீடுகள் கொண்ட ‘சஹஸ்புர’ தொடர்மாடி திறக்கப்பட்டது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2015 வரை அந்நிலை நீடித்தது. 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தோட்டங்களிலிருந்து உயர்மாடிகளுக்கு மாற்றி, அவர்கள் விட்டுச்செல்லும் நிலத்தை வர்த்தகத்துக்கு விடுவிப்பது திட்டமாயிற்று. 2010 மே 8ஆம் நாள் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் 20 வீடுகள் இராணுவமும் பொலிசும் சூழ்ந்துநிற்க இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோரில் காணி உறுதி வைத்திருந்தோரும் இருந்தனர். உறுதி கையில் இருந்தது. வீடு இல்லாமற் போயிற்று. அவர்கள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று.

மாற்றப்பட்டவர்கள் புதிய வீட்டைத் தானமாகப் பெறவில்லை என்பதையும் குறித்தல் வேண்டும். முற்பணமாக 50,000 ரூபா, பின்னர் பல்லாண்டுகளுக்கு மாதத் தவணை, மொத்தம் ஏறத்தாழ 10 இலட்சம் ரூபா என மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் 2014, 2015ஆம் ஆண்டு அறிக்கைகள் பதிவுசெய்துள்ளன. தமிழ் பேசுவோரிடமும் சிங்களத்தில் மட்டுமே எழுதப்பட்ட தாள்கள் கொடுக்கப்பட்டதையும் இவ்விடயம் பற்றிய ஆய்வுகள் சுட்டியுள்ளன. தான் வாசிக்கவியலாத தாளிற் கையொப்பமிட்டு, தான் வாழ்ந்த வீட்டை ஒருவர் ஒப்படைக்கிறார். இதனைவிடக் கூரிய நாடகத்தை எந்த நாவலாசிரியன் கற்பனை செய்வான்?

இத்தகைய மாற்றங்களுக்கு அதிகாரம் எப்போதும் ஒருவகைப் படத்தைத் துணைக்கழைக்கிறது. ‘முன்பு’ என்று சேறும் தகரமும். ‘பின்பு’ என்று வெள்ளைச் சுவரும் புன்னகையும். இப்பட வகைக்கு ஒரு மூதாதை உண்டு. 1935இல் ஆதர் எல்ற்றன், எட்கார் ஆன்ஸ்ரி என்போர் லண்டனில் எடுத்த ‘வீட்டுப் பிரச்சினைகள்’ என்னும் சிறுபடமே அது. ஸ்டெப்னிச் சேரியின் வாசிகள், எலியையும் மூட்டைப்பூச்சியையும் வளைந்த சுவரையும் பற்றித் தம் வீட்டுக்குள் நின்றே, தம் வாயாலேயே கமராவை நோக்கிப் பேசினார்கள். அவர்களை நடிகர்களாக்காமல் மனிதர்களாகப் பேசவைத்ததில், படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத ரூபி கிரியர்சன் என்னும் பெண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. உழைக்கும் மக்களின் குரலைத் திரையில் நேரே ஒலிக்கச் செய்த முன்னோடி முயற்சி என்ற வகையில் அதற்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் அப்படத்துக்குப் பணம் கொடுத்தது பிரித்தானிய எரிவாயு வணிகச் சங்கம். புதிய மாடிவீடு எழுந்தால் புதிய எரிவாயு அடுப்பு விற்கும். ஆகவே ஏழைகள் துன்பத்தைச் சொல்லலாம். தீர்வை நிபுணரே சொல்வார். மன்ற உறுப்பினர் ஒருவரின் குரல் முன்னுரை கூற, லீட்ஸ் நகருக்கான மாடிக் குடியிருப்பின் மாதிரியுரு காட்டப்படுகிறது. எத்தகைய வீடு வேண்டும், எந்த இடத்தில் வேண்டும், அயலார் யாராக இருக்க வேண்டும் என்று எவரும் அம்மக்களைக் கேட்கவில்லை. லீட்ஸில் எழுந்த குவாரி ஹில் குடியிருப்பு 1978இல் இடிக்கப்பட்டுவிட்டது. தீர்வெனப் பட்டது நாற்பதாண்டுகளில் தானே பிரச்சினையாகிவிட்டது. துன்பத்தைச் சொல்ல மட்டும் வாயைத் திறந்துவிட்டு, முடிவைச் சொல்ல வரும்போது அதை மூடிவிடும் படம் எவ்வளவு மனிதாபிமானம் மிக்கதாயினும் விவரணமே, உறுதியன்று.

நம் நாட்டின் கதையும் இதிலிருந்து தூரமானதன்று. உலக விவரணப்பட வரலாற்றில் இலங்கையின் பெயரைப் பொறித்த ‘இலங்கைப் பாடல்’ 1934இல் பசில் ரைற்றினால் எடுக்கப்பட்டது. லயனல் வென்ற்றின் கம்பீரமான குரல் அதில் ஒலிக்கிறது. காட்சியழகிலும் ஒலியமைப்பிலும் அதற்கு ஈடான படங்கள் அக்காலத்திற் குறைவு. ஆனால் தேயிலை விற்பனைக்காகத் தேயிலைப் பணத்தில் எடுக்கப்பட்ட படம், தேயிலை கொய்தவளின் லயன் அறைக்குள் நம்மை அழைத்துச் செல்லவில்லை. 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. அங்கே பயின்ற லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ், வில்லி பிளேக், ரைற்றஸ் தொட்டவத்த ஆகியோர் வெளியேறி 1956இல் ‘ரேகாவ’ எடுத்துச் சிங்களத் திரையின் போக்கையே மாற்றினர். ஆகவே அப்பிரிவு ஒரு நல்ல கல்லூரியே. எனினும் ஆட்சியின் சாதனையைச் சொல்லும் கல்லூரியில் ஆட்சியை நோக்கிக் கேள்வி எழுப்பும் பாடம் இருக்க முடியாது. அப்பாடத்தை நாம் வேறிடங்களிலேயே தேடவேண்டியுள்ளது.

பம்பாயில் ஆனந்த் பட்வர்தன் 1985இல் முடித்த ‘நமது நகரம் பம்பாய்’ அத்தகைய ஒன்று. நடைபாதைவாசிகளின் குடிசைகள் இடிக்கப்படுவதையும், நகரை அழகாக்க விழையும் மேற்றட்டினரின் நாகரிகமான பேச்சையும் அது அருகருகே வைக்கிறது. இந்நகரைக் கட்டியவர் யார், நகரவாசி எனப்படுபவர் யார் என்ற வினா தானே எழுகிறது. இப்படத்தின் உச்சம் எதுவென்று நம்மைக் கேட்டால், குடிசை இழந்த பெண்ணொருத்தி படமெடுப்பவரையே சினந்து கேட்கும் இடத்தையே காட்டுவோம். எங்களைப் படமெடுத்து நீங்கள் பெயர் பெறுவீர்கள். எங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற பொருள்படக் கேட்கிறாள் அவள். பட்வர்தன் அதனை வெட்டியெறியவில்லை. தம்மீது விழுந்த குற்றச்சாட்டைத் தம் படத்துக்குள்ளேயே வைத்தார்.

அதே 1985இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதியே என ஒப்புக்கொண்டது. ஆனால் மழைக்காலம் கழிந்தபின் குடிசைகளை அகற்றுவதற்குத் தடைசொல்லவில்லை. உரிமை ஏட்டில் ஏறியது. இடிப்பு தெருவில் தொடர்ந்தது. 1986இல் சஞ்சய் காந்தி நகர்க் குடிசைகள் இடிக்கப்பட்டபோது பட்வர்தன் அம்மக்களோடு அமர்ந்து உண்ணாவிரதம் இருந்தார். அப்பெண்ணின் கேள்விக்குத் திரையில் இல்லாத பதில் தெருவிலே கிடைத்தது எனலாம்.

மற்றொரு பாடம் கனடாவிலிருந்து வருகிறது. 1967இல் அந்நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியம் மொன்றியலின் வறிய குடும்பமொன்றைப் பற்றிய படத்தை வெளியிட்டது. நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படம் அது. தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டபின் அயலார் அக்குடும்பத்தை எள்ளி நகையாடினர். தம் வறுமை ஊரார் முன் விரிக்கப்படுமுன் அதனைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை. அதே ஆண்டில் அதே வாரியத்தைச் சேர்ந்த கொலின் லோ, நியூபவுண்ட்லாந்தின் ஃபோகோ தீவுக்குச் சென்றார். தீவு மீனவரை வேறிடத்துக்குப் பெயர்த்துவிடும் எண்ணம் அரசிடம் இருந்தது. லோ ஒரே பெரும்படம் எடுக்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட சிறுபடங்களை எடுத்தார். பேசியவருக்கே முதலிற் காட்டினார். பின் ஊருக்கு ஊர் காட்டினார். ஒருவர் முகம்பார்த்துப் பேசத் தயங்கிய சொற்களை மற்றவர் திரையிற் கேட்டனர், பகை தணிந்தது. பின்னரே அதிகாரிகளுக்குக் காட்டினார். அமைச்சரின் மறுமொழியும் படமாகி மீனவரிடம் திரும்பிச் சென்றது. மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர், தீவைவிட்டு அகலவில்லை. மீனவர் நிலைத்ததற்குப் படமே முழுக் காரணம் என்று கூறுவது மிகை. ஆனால் மக்கள் தம்மைத் தாமே காணவும், ஒருவரோடொருவர் பேசவும், ஆட்சியோடு பேசவும் அது வழியமைத்தது. கலையின் சமூகப் பணி என்று நாம் ஓயாது பேசிவந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இப்பாடங்களைக் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் கொண்டுவரும்போது ஒரு பெருந்தடை குறுக்கிடுகிறது. அத்தடையைப் பேசாமல் விடுவது நேர்மையன்று. பதிவு என்பது எல்லார்க்கும் பாதுகாப்பன்று. 1983 ஜூலையில் இவ்விரு பகுதிகளிலும் தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்ததாகப் பல சாட்சிகள் கூறியுள்ளனர். 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். பலர் வவுனியா வரை கொண்டுசெல்லப்பட்டனர். லொட்ஜிற் பெயர் பதிந்திருந்ததே அவர்களைக் கண்டுபிடிக்கப் போதுமானதாயிற்று. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது என்பது ஆறுதலான செய்தி. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவில் ஆறுதலைவிட அச்சமே நீண்டு நிற்கும்.

ஆகவே இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் கமராவைக் கண்டு கதவைச் சாத்தினால், அதனை அறியாமை என்றோ பின்தங்கிய மனப்பான்மை என்றோ இகழ்வதற்கு நமக்கு உரிமையில்லை. பெயரும் முகவரியும் முகமும் ஒருசேரப் பதியப்படுவதன் பொருளை அவர்கள் நம்மைவிட நன்கறிவர். பதிவில்லாவிட்டால் வீட்டுக்குச் சாட்சியில்லை. பதிவிருந்தால் உயிருக்கு உறுதியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் இங்கே படமெடுக்கக் கற்க வேண்டியுள்ளது. லண்டனிலோ மொன்றியலிலோ எழுதப்பட்ட எந்தப் பாடநூலும் இதனை நமக்காகத் தீர்த்துத் தராது.

இதற்கு விடை கமராவைக் கைவிடுவதன்று. படத்தின் சாவியைக் குடியிருப்போரிடம் கொடுப்பதே. எடுத்த சுருள் அனைத்தும், இன்றைய வழக்கிற் கூறினால் எடுத்த கோப்புகள் அனைத்தும், தோட்டத்துச் சங்கத்தின் காவலில் இருக்கட்டும். யார் முகம் வெளியே போகலாம், யார் குரல் மட்டும் போதும், எந்தப் பெயர் ஒருபோதும் போகக்கூடாது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். முதற் காட்சி திரைப்பட விழாவிலன்று. தோட்டத்து முற்றத்தில் ஒரு வெள்ளைத் துணியின்மேல் நடக்கட்டும். தமிழ்க் குடும்பம் பேசுவதைச் சிங்கள அயலவரும், சிங்களத்தில் பேசுவதைத் தமிழரும் புரிந்துகொள்ளும்படி இருமொழியிலும் எழுத்து ஓடட்டும். பொதுக்குழாயைப் பகிர்ந்தவர்கள் போராட்டத்தைப் பகிரவியலாது என்று சொல்லும் இனவாதத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பில்லை.

எதைப் படமெடுப்பது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். அழுகையைத் தேடி அலைவது வேண்டா. அட்டைகளையும், அனுமதிப் பத்திரங்களையும், தண்ணீர், மின்சாரப் பட்டியல்களையும் எழுத்துத் தெரியும்படி ஒவ்வொன்றாகப் பதிக. அறையை அளவுநாடாவால் அளந்து அவ்வளவைக் காட்டுக. மேல்மாடியில் ஒருவர் கட்டிய அறையும், முன்புறத்தில் வைத்த சிறுகடையும் எத்தனையாண்டு உழைப்பில் எழுந்தன என்பதை அவர் வாயாற் கேட்டுப் பதிக. நட்டஈடு கணக்கிடும்போது அவ்வுழைப்பே முதலில் மறக்கப்படுகிறது. அதிகாரி கூட்டத்தில் வாய்மொழியாகத் தரும் வாக்குறுதியைத் தேதியோடு பதிக. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14ஆம் நாள் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மேட்டை அகற்றும்படி அயல் மக்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே போராடிவந்தனர். அழிவுக்குப்பின் எடுக்கப்பட்ட படங்கள் உலகெங்கும் ஓடின. அழிவுக்குமுன் மக்கள் விடுத்த எச்சரிக்கையே நம் கமராவுக்கு உரிய முதற்பொருள்.

மாடிக்கு மாறியபின்னும் பணி முடிவதில்லை. மின்தூக்கி நின்ற நாட்களில் மூதாட்டி எத்தனை படி ஏறுகிறாள், வீட்டிலிருந்தே இடியப்பம் அவித்து விற்ற பெண்ணின் வருவாய் என்னவாயிற்று, செத்தவீட்டுக்கு வருவோர் எங்கே அமர்வர் என்பனவற்றையும் பொறுமையோடு பதிதல் வேண்டும். தோட்டத்து வாழ்வை இன்பபுரியாகக் காட்டுவதும் பொய்யே. ஒழுகும் கூரையும் நாறும் வாய்க்காலும் மெய். உயர்மாடியே வேண்டும் என்று விரும்புவோரும் அங்குண்டு. அவர்கள் குரலும் படத்தில் இருக்க வேண்டும். தன் கட்சிக்கு ஒவ்வாத சாட்சியை மறைத்த ஆவணத்தை எந்த நீதிமன்றமும் நம்பாது, மக்களும் நம்பார்.

இவையெல்லாம் கலையா, வெறும் பிரசாரமா என்று கேட்போர் இருக்கிறார்கள். அழகுணர்ச்சியை நாம் வெறுப்பவரல்லர். ஆனால் வீட்டையிழக்கும் ஒருவரின் முன்னே நின்று அழகைப் பற்றிப் பேசுபவர், யாருடைய அழகைப் பற்றிப் பேசுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பிலே மக்களை வெளியேற்றிய திட்டத்துக்கும் நகரை அழகுபடுத்தல் என்றுதான் பெயர் சூட்டப்பட்டது. அச்சொல்லை அவர்களிடமிருந்து மீட்பதும் கலைஞனின் கடமையே. உண்மை பிழையின்றி, பொறுமையோடு, அதற்குரியவரின் சம்மதத்தோடு சொல்லப்படும்போது அதிலே பிறக்கும் அழகு எந்த அலங்காரத்துக்கும் தாழ்ந்ததன்று.

படமெடுக்கக் கற்கும் இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே. மியூஸ் வீதியில் உறுதி இருந்தும் வீடு நிற்கவில்லை; ஆகவே நீங்கள் எடுக்கும் படம் தனித்து நின்று எந்த வீட்டையும் காத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டைக் காப்பது ஒன்றுபட்ட மக்களே. ஆனால் ஒன்றுபடுவோர்க்குத் தம் வரலாறு தம் கையில் இருக்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்துவிட்டு, பேனாவையும் அவர்களிடமே விட்டுவிட்டு வரத் தெரிந்தவரே இக்கலையைக் கற்றவர்.